தொழுமரமும் சிரிப்பும்

ஒன்பதாம் வகுப்பு என்று ஞாபகம். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், பேர் வேண்டாம். தமிழய்யா முக்கூடற்பள்ளு நடத்த ஆரம்பித்தார். 'பள்ளு' என்று கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின்பெஞ்சில் கிளுக்கென்று ஒரு சத்தம். நாற்பது தலையும் திரும்பி என்னையும் எனக்குப் பக்கத்தில் இருந்தவனையும் பார்த்தது. அய்யா நல்ல மனுசன்தான், கை நீட்ட மாட்டார். அவரும் சிரிப்பை அடக்கமுடியாமல், "ஏலே, சும்ம இருங்கலே, இது இலக்கியம்லே" என்றார். அதற்குத்தான் வகுப்பே வெடித்தது. பள்ளனைத் தொழுவில் மாட்டுகிற இடம் வந்ததும் ரெண்டு காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு, நகரமுடியாமல் தவிக்கிற மாதிரி நடித்துக் காட்டினார். அடுத்த ஒரு மாசத்துக்கு, "பள்ளிக்குப் போறியாலே, பள்ளிகிட்டப் போறியாலே" என்பதுதான் எங்களைப் பார்த்தால் கேட்கிற கேள்வி. பள்ளி என்றால் பள்ளனின் பெண்டாட்டி என்று பாடப்புத்தகம் அடிக்குறிப்புப் போட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தது.

அன்றைக்கு வகுப்பில் நானும் சிரித்தேன். அதை எழுத இத்தனை வருசம் ஆகியிருக்கிறது.

அடிமைத்தனத்தைப் பற்றி நகைச்சுவை செய்கிறவன் அந்தப் பழைய சாதி வசவைச் சொல்லலாமா, கூடாதா என்று இப்போது ஒரு தர்க்கம் நடக்கிறது. ஆண்டையையும் சேர்த்துத்தானே கேலி செய்கிறான், அப்போது அந்த வார்த்தை வராமல் எப்படி என்று கேட்கிறார்கள். கேட்கிறபோது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இதே காரியத்தைத் தாமிரபரணிக் கரையில் முந்நூறு வருசத்துக்கு முன்னாலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். அது எப்படி நடந்தது என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

முக்கூடல் என்றதும் எங்கள் பக்கத்து ஆட்கள் பீடிக்குப் பேர்போன முக்கூடலை நினைத்துக்கொள்வார்கள். அது இல்லை. பள்ளில் வருகிற முக்கூடல் திருநெல்வேலிக்குக் கிழக்கே சீவலப்பேரிப் பக்கம், சிற்றாறு தாமிரபரணியில் வந்து விழுகிற இடம். நூல் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்டது என்பார்கள். எழுதியவர் பேர் இல்லை. கதை ஒரு கூத்துக்கு உண்டானதுதான். அழகக் குடும்பன் என்று ஒரு பள்ளன். அவனுக்கு இரண்டு பெண்டாட்டி. மூத்தவள் முக்கூடல்காரி, வைணவம். இளையவள் மருதூர்க்காரி, சைவம். அவன் இளையவள் வீடே கதி என்று கிடக்கிறான், பண்ணை வேலை கெடுகிறது. மூத்தவள் பண்ணைக்காரனிடம் போய்ச் சொல்கிறாள். பண்ணைக்காரன் இவனைத் தொழுமரத்தில் மாட்டிவிடுகிறான். பிறகு அவளே போய்க் கெஞ்சி விடுவிக்கிறாள். அப்புறம் உழவு, மாடு முட்டுவது, நாற்று, அறுப்பு, பங்கு பிரிப்பது, சக்களத்திச் சண்டை. சண்டையில் ஒருத்தி சாமியை இன்னொருத்தி திட்டுகிறாள்.

இந்தக் குடும்பன் என்கிற பட்டத்தை மறந்துவிடக்கூடாது. எங்கள் ஆட்களில் தலைக்கட்டுக்கு, ஊர்ப் பெரியவனுக்கு உரிய பட்டம் அது. தொழுவில் கிடப்பவன் ஒரு தலைவன்!

நூலில் நெல் வகைகளின் பேர் வருகிறது, மாட்டு வகை வருகிறது, வெள்ளத்தில் துள்ளுகிற மீன்களின் பட்டியல் வருகிறது. தமிழாசிரியர்கள் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். மகிழ வேண்டியதுதான். ஆனால் அத்தனை பேரும் புலவர் வீட்டு முற்றத்தில் முளைத்ததில்லை. வயலில் நின்றவன் வாயிலிருந்து போனது. பள்ளனுடைய அறிவை வாங்கிக்கொண்டு, பள்ளனைக் கோமாளியாகத் திருப்பிக் கொடுத்த கணக்கு இது. ஒரு பள்ளோடு விடவும் இல்லை. திருவாரூர், குருகூர், எங்கள் பக்கத்தில் சிவசைலம், கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் பறாளை என்று எத்தனையோ ஊருக்குப் பள்ளு பாடியிருக்கிறார்கள். சாமி மாறும், ஊர் மாறும். பள்ளன், இரண்டு பள்ளி, பண்ணைக்காரன் என்கிற அச்சு மாறாது.

தொழுமரம் என்ன என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. இரண்டு கட்டை. நடுவில் கால் நுழைகிற அளவுக்குத் துளை. காலை வைத்து மேல்கட்டையை இறக்கி முளை அடித்துவிட்டால் எழுந்திருக்கவும் முடியாது, ஒழுங்காக உட்காரவும் முடியாது. இது புலவர் கற்பனையில் செய்த மரம் இல்லை. 1816இல் கம்பெனி அரசு சென்னை மாகாணத்துக்குப் பதினோராவது ரெகுலேசன் என்று ஒரு சட்டம் போட்டது. சின்னச் சின்னக் குற்றங்களை விசாரிக்கிற அதிகாரத்தை ஊர்த் தலைமைக்காரருக்குக் கொடுத்த சட்டம். வசவு பேசினால், சின்ன அடிதடி நடந்தால், ஆளைச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். குற்றவாளி கீழ்சாதியாக இருந்து, அவனுக்கு அப்படி இழிவான தண்டனை கொடுப்பதில் தப்பில்லை என்று பட்டால், 6 மணி நேரம் வரை தொழுவில் மாட்டலாம். வெள்ளைக்காரன் கடிகாரத்தைப் பார்த்து எழுதிய சட்டம்.

அந்தச் சட்டத்தை எத்தனை தடவை படித்தாலும் ஒரு இடத்தில் நின்றுவிடுவேன். முதல் குற்றமே வசவு. அதாவது ஒரு பள்ளன் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை மேல்நோக்கிப் போனால் அதற்குக் கட்டை இருந்தது. மேலேயிருந்து கீழே வந்த வார்த்தைக்கு எந்தச் சாவடியில் எந்தக் கட்டை இருந்தது? வார்த்தைதானே, இதற்குப் போய்க் கோபப்படலாமா என்று இன்றைக்கு எங்களுக்குப் புத்தி சொல்கிறவர்களுக்கு இந்தச் சட்டத்தைப் படித்துக் காட்டவேண்டும். வார்த்தைக்கு எவ்வளவு எடை என்பது அன்றைக்கு ஊரை ஆண்டவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அழகக் குடும்பன் யாருக்கும் கூலியாள் இல்லை, அடிமை. ஆற்றோரத்து நஞ்சை கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைகிற நிலம். எங்கள் பக்கத்தில் நதியுண்ணிக் காலும் கன்னடியன் காலும் பாய்கிற வயல்கள். பெரும்பகுதி பிராமண மிராசு, கோயில், மடம். மண்ணில் கால் வைத்தது பள்ளனும் பள்ளியும். நிலம் கைமாறினால் ஆளும் சேர்ந்து கைமாறியது. தெற்கே நாஞ்சில் நாட்டில் அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைக்கட்டில் அடிமை விற்ற ஓலைகள் இருந்தன. ஆ. சிவசுப்பிரமணியன் 'தமிழகத்தில் அடிமை முறை' என்று தனி நூலே எழுதியிருக்கிறார், தெரியாதென்று யாரும் சொல்லிக்கொள்ள வேண்டாம். 1843இன் ஐந்தாவது சட்டம், அடிமைமேல் சொந்தம் கொண்டாடி வருகிற வழக்கைக் கோர்ட்டு ஏற்காது என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் அடிமையை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. அடிமைக்குப் பண்ணையாள் என்று பேர் மாறியது, கடன் சீட்டு வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வருவதற்கு 1976 ஆகிவிட்டது.

ஆக, பள்ளுப் பாடி ஆடிய காலத்தில் தொழுமரம் சாவடியில் இருந்தது. கூத்துப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்து போனவன் மறுநாள் காலையில் நிசமாகவே ஒருத்தனை அதில் மாட்டமுடியும். முந்தின ராத்திரி சிரித்த காட்சி என்பதால் அவன் மனசும் உறுத்தாது. தண்டனை கொடுக்கிறவனுக்குக் கூச்சம் போகிற அளவுக்கு அந்தச் சிரிப்பு வேலை செய்திருக்கிறது. பள்ளு பண்ணைக்காரனையும் கேலி செய்கிறதே, அது கலகம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. செய்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அவன் உருவத்தைக் கோரமாக வருணித்துச் சிரிக்கிறது. ஆனால் மரத்தில் முளை அடிக்கிற அவன் அதிகாரத்தை அது ஒரு இடத்திலும் கேலி செய்யவில்லை. அதைக் கேலி செய்திருந்தால் கோயில் பண்ணையில் அந்தக் கூத்து நடந்திருக்காது.

நம் ஆட்களிலேயே சிலர் பள்ளுதான் மருதநிலத்து மள்ளர் வரலாற்றுக்கு ஆவணம், நம் காவியம் என்று தலையில் வைத்துக்கொண்டாடுகிறார்கள். அவர்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஏர் பிடித்தவனைக் கதைத் தலைவனாக்கிய நூல் தமிழில் வேறு எது? ஆனால் அந்தத் தலைவன் காலில் இருக்கிற கட்டையைத் தாண்டிக் குதித்து நெல் பட்டியலுக்கு ஓடிவிட முடியாது.

அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒரு கூத்து நடந்தது. 1830 வாக்கில் தாமஸ் ரைஸ் என்கிற வெள்ளைக்கார நடிகன் முகத்தில் கரி பூசிக்கொண்டு, ஜிம் க்ரோ என்று பேர் வைத்துக்கொண்டு, கந்தல் உடுத்திய கறுப்பு அடிமை மாதிரி மேடையில் ஆடினான். அடிமை வியாபாரம் அங்கே சந்தையில் நடந்துகொண்டிருந்த காலம். அங்கே அடிமை முறை ஒழிந்தது 1865இல். அதற்கு அப்புறம் கறுப்பர்களைத் தனி ரயில்பெட்டியில், தனிப் பள்ளிக்கூடத்தில் ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கெல்லாம் மொத்தமாக என்ன பேர் வந்தது தெரியுமா? ஜிம் க்ரோ சட்டங்கள். கோமாளியின் பேர் சட்டத்துக்குப் பேராகிவிட்டது. பெர்ட் வில்லியம்ஸ் என்று ஒரு பெரிய நகைச்சுவை நடிகர், கறுப்பர். அவரும் மேடையேற முகத்தில் கரி பூசவேண்டியிருந்தது. கறுப்பனாகப் பிறந்தது போதாது, வெள்ளைக்காரன் நினைக்கிற கறுப்பனாக நிற்கவேண்டும்.

அதைப் படித்தபோது எனக்கு எங்க அய்யா ஞாபகம்தான் வந்தது.

பிசான அறுப்பு. களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது. நிலத்துக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அளக்கிறவன் மரக்காலை எடுக்கும் முன்னால் அவர் எங்க அய்யாவைப் பார்த்து, "என்னலே குடும்பா, இப்பம் தொழுமரம் இல்லன்னு ரொம்பத்தான் ஆடுதியோ? வேணும்னா ஒண்ணு செஞ்சு போட்டுருவமா?" என்றார். களமே சிரித்தது. எங்க அய்யா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்து, "சாமிக்கு எப்பவும் வெளையாட்டுத்தான்" என்றார். வீட்டுக்கு வந்ததும் எங்க அம்மா கேட்டாள், "அப்பிடி என்னத்துக்குச் சிரிக்கணும்?" அய்யா நெல்மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "சிரிக்காட்டி அளவு கொறையும்ட்டி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மரக்கால் ஒருத்தன் கையில் இருக்கும்போது அவன் சொல்கிற நகைச்சுவைக்குச் சிரிப்பதும் பண்ணை வேலையில் ஒன்று. கூலி இல்லாத வேலை.

எங்க அம்மாவும் நகைச்சுவை செய்வாள். நடவு நடும்போது நிலத்துக்காரர் குடை பிடித்து வரப்பில் நடக்கிற நடையை, சேற்றுக்குள் நின்றபடியே, நாற்றுமுடியைக் குடையாகப் பிடித்து நடந்து காட்டுவாள். முப்பது பொம்பளைகளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தூரத்தில் நிசக் குடை தெரிந்தால் சத்தம் அப்படியே நின்றுபோகும், எல்லா முதுகும் குனிந்துவிடும். அந்தப் பொம்பளைகள் ஒருத்தியை ஒருத்தி "ஏ பள்ளி" என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். சண்டையிலும் அதுதான், கொஞ்சலிலும் அதுதான். நான் பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே வார்த்தை. வகுப்பில் கேட்டபோது எனக்குக் காது சுட்டது. வயலில் கேட்டபோது சுடவில்லை. குடைக்காரர் காதில் விழுந்தால் மாட்டிக்கொள்ளப்போவது அவர்கள்தான். அந்தப் பயத்தோடு சிரித்த சிரிப்பு அது.

இன்னொரு இடத்திலும் அந்த வார்த்தை சுடவில்லை. பாரதி 'சுதந்திரப் பள்ளு' என்று ஒரு பாட்டு எழுதினார். 'பள்ளர் களியாட்டம்' என்று அதற்குத் துணைத்தலைப்பும் போட்டார். 1918 கடைசியிலிருந்து 1920 வரை அவர் எங்கள் பக்கத்துக் கடையத்தில், செல்லம்மாள் ஊரில்தான் இருந்தார். ஆகஸ்டு 15 ஆனால் அந்தப் பாட்டைப் பாடாத பள்ளிக்கூடம் இல்லை. நானும் வரிசையில் நின்று பாடியிருக்கிறேன். யாரும் திரும்பி என்னைப் பார்க்கவில்லை, கிளுக்கென்று ஒரு சத்தமும் இல்லை. அதில் பள்ளன் கால் கட்டையில் இல்லை, களித்து ஆடுகிறான். சிரிக்க அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை போல.

தோல்பாவைக் கூத்தைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்க் கதை முடியாது. ராமாயணம் பல ராத்திரி நடக்கும். ராமனுக்காக யார் போவார்கள், உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்தால்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். இரண்டு கோமாளிப் பொம்மைகள். அடித்துக்கொள்ளும், தின்னும், விடுகிற காற்றுக்கும் கணக்கு வைத்துக்கொள்ளும். உச்சிக்குடும்பன் என்பது உச்சிக் குடுமியிலிருந்து வந்த பேராகவும் இருக்கலாம். ஆனால் மறுநாள் தெருவில் ஊர்க்காரப் பிள்ளைகள் எங்களைத்தான் "ஏலே உச்சிக்குடும்பா" என்று கூப்பிட்டார்கள். கூத்து நடத்தியவர்கள் மராத்தி பேசுகிற நாடோடிகள், ஊருக்கு வெளியே கூடாரம் அடித்துக் கிடந்த ஏழைகள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கே உச்சிக்குடும்பன்தான் செல்லம், அவன் யாருக்கும் பயப்பட மாட்டான். ஒரே பொம்மையைப் பார்த்து இரண்டு தெருவும் சிரித்தது, ஆனால் இரண்டு தெருவும் பார்த்தது வேறு வேறு பொம்மை.

அப்போது நம் ஆட்களே மேடையேறி அந்த வார்த்தையைச் சொல்லலாமா? இதற்கு ரிச்சர்டு பிரையர் பட்ட பாட்டைச் சொல்லலாம். கறுப்பர், அமெரிக்க மேடையில் தனியாக நின்று சிரிக்க வைத்தவர்களில் பெரிய ஆள். கறுப்பர்களை வைகிற அந்த வார்த்தையை அவர் மேடையில் ஓயாமல் சொன்னார். 1974இல் வந்த இசைத்தட்டின் தலைப்பிலேயே அது இருந்தது. சொல்லிச் சொல்லியே அதன் விஷத்தை இறக்கிவிடலாம் என்று நினைத்தவர். 1979இல் ஆப்பிரிக்காவில் கென்யாவுக்குப் போனார். சுற்றிலும் கறுப்பர்கள், ஆனால் அந்த வார்த்தைக்குப் பொருந்துகிற ஒருத்தரையும் அங்கே காணவில்லை. திரும்பி வந்து, இனிமேல் அதைச் சொல்லமாட்டேன் என்று 1982இல் வந்த தன் படத்தில் மேடையிலேயே சொன்னார். தன் வாயில் இருந்த வார்த்தையைத் தானே துப்பினார். அவரைப் பார்த்துச் சொல்லப் பழகிய மற்றவர்கள் துப்பவில்லை.

நமக்குக் கென்யா இல்லை. எந்த ஊருக்குப் போனாலும், "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டு, தெருப்பேர் வரை வந்துவிடுவார்கள். 2021இல் பள்ளன், குடும்பன், பண்ணாடி உட்பட ஏழு பேரையும் சேர்த்து தேவேந்திரகுல வேளாளர் என்று நாடாளுமன்றமே சட்டம் போட்டு மாற்றியது. பட்டியலில் பேர் மாறிவிட்டது. 2015இல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் சாதிப் பேர் சொல்லி வைவதைத் தனிக் குற்றமாக எழுதியிருக்கிறது. 2024 சூலையில் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம், சண்டாளர் என்பது பட்டியலில் உள்ள ஒரு சாதியின் பேர், அதைப் பாட்டிலும் சினிமாவிலும் நகைச்சுவையாகவோ வசவாகவோ பயன்படுத்தக்கூடாது என்றது. எத்தனை நகைச்சுவைக் காட்சியில் "அடச் சண்டாளா" என்று கேட்டுச் சிரித்திருக்கிறோம். அது ஒரு சாதி என்றே பாதிப்பேருக்குத் தெரியாது.

சட்டம் வேண்டும். ஆனால் என் கணக்குச் சட்டத்தோடு முடியவில்லை. பாடத்திலிருந்து பள்ளை எடுத்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தொழுவில் மாட்டுகிற பாட்டுக்குப் பக்கத்தில் 1816ஆம் வருசத்துச் சட்டத்தையும் அச்சடித்துக் கொடுங்கள் என்கிறேன். அப்புறம் எந்த வாத்தியார் காலை ஒட்டி வைத்து நடித்துக் காட்டுகிறார் என்று பார்ப்போம். மேடையில் நிற்கிறவனுக்கும் அதுதான். அடிமைத்தனத்தைக் கேலி செய், தாராளமாகச் செய். முளை அடித்தவனைப் பார்த்துச் சிரிக்க வை. மாட்டிக்கொண்டவன் பேரைச் சொல்லித்தான் சிரிப்பு வரும் என்றால், உன் கையில் இருப்பது களத்து மரக்கால்தான். எதிரில் சிரிக்கிறவர்களில் எங்க அய்யா எத்தனை பேர் என்று உனக்குத் தெரியாது.

இதோடு நிறுத்தினால் நான் எழுதியதில் பாதி பொய்யாகிவிடும்.

எங்கள் தெருவுக்குத் துணி வெளுக்க ஒரு புதிரை வண்ணார்க் குடும்பம் இருந்தது. அந்தப் பாட்டி சாயங்காலமானால் பானையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ராச்சோறு எடுக்க வருவாள். தெரு முனையில் நின்று, "தாயி, சோறு போடுங்க தாயி" என்று ஒரு மாதிரி இழுத்துக் கூப்பிடுவாள். அந்தக் குரலை அப்படியே எடுத்து, கூடவே வண்ணாத்தியையும் அவள் கழுதையையும் வைத்து ஒரு கதை கட்டிச் சொல்வதில் நான்தான் தெருவில் கெட்டிக்காரன். பள்ளு நடத்திய அதே வருசம்தான். ஒருநாள் திண்ணையில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், பெரியவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், எங்க அய்யாவும். திரும்பிப் பார்த்தால் பாட்டி பின்னால் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அவளும் சிரித்தாள். "பேரனுக்கு நல்ல வாய் தாயி" என்று எங்க அம்மாவிடம் சொல்லிக்கொண்டே பானையை நீட்டினாள். அம்மா அன்றைக்கு ஒரு அகப்பை கூடப் போட்டாள்.